பசுமைக்குடிலில் ஒலி நிகழ்ச்சி: காதில் விழுவதை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

முதலில் மைக்கைத் தொடாதீர்கள். குடிலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி எதிரொலியைக் கேளுங்கள். பிறகு எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். விசிறி எந்தப் பக்கம் சுழல்கிறது, நீர் எங்கே சொட்டுகிறது, எந்தக் கண்ணாடி அதிர்கிறது, விளக்கு முனகுகிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். செடிகளுக்கு நடுவே நடக்கும் பரிசோதனை இசை நிகழ்ச்சிகளுக்கு நான் ஒலி அமைத்துக் கொடுக்கிறேன். கோளாறு என்று கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலும் கருவி நன்றாகத்தான் இருந்தது. ஈரம், சூடு, கண்ணாடி ஆகிய மூன்றும்தான் அதைக் கெடுத்திருந்தன.

எனவே எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை ஒன்று. சந்தேகம் வந்த பொருளை அதே கேபிளோடு வெளியே, காய்ந்த அறைக்கு எடுத்துப்போய் இயக்கிப் பாருங்கள். அங்கேயும் கெட்டுத்தான் ஒலிக்கிறது என்றால் பழுது பொருளில். அங்கே ஒழுங்காக ஒலித்தால் பழுது குடிலில். கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

இரும்பு மேசையைத் தொட்டால் சுர்ரென்கிறது

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இது ஒலிப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. ஈரத் தரை, உலோக மேசை, வியர்த்த கை மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில் சிறு மின்கசிவு கூட ஆளைக் கொல்லும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குடிலுக்கு வரும் லைனில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் தரையில் கிடக்கக் கூடாது. கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் சற்றே கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், அதன் வழியே வழியும் நீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. செடியோடும் ஆளோடும் கம்பியால் இணையும் எந்தக் கருவியும் பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மைக் படபடவென்று பொரிகிறது, பிறகு ஒலி குறைந்து மங்குகிறது

கன்டென்சர் மைக்கின், அதாவது மின்னூட்டிய மெல்லிய தகட்டால் ஒலியைப் பிடிக்கும் மைக்கின், தலைக்குள் ஈரம் போயிருக்கிறது. அந்த மைக்குகள் மிக உயர்ந்த மின்தடையை நம்பி வேலை செய்பவை. மெல்லிய நீர்ப்படலம் படிந்தாலே மின்னூட்டம் அதன் வழியே கசிந்து பொரியத் தொடங்கிவிடும்.

குற்றவாளி பெரும்பாலும் பயணம்தான். குடிலுக்குள் 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 24 டிகிரியிலேயே பனியாகப் படியத் தொடங்கும். குளிரூட்டிய வண்டியில் 20 டிகிரியில் கிடந்த மைக்கை உள்ளே கொண்டுவந்து பையைத் திறந்தால், கண்ணாடி டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல அது வியர்க்கும். பையை மூடியபடியே உள்ளே வைத்து ஒரு மணிநேரம் காத்திருங்கள். பொருள் உள்ளூரச் சூடேறிய பிறகு திறந்தால் ஈரம் படியாது.

ஏற்கெனவே பொரியத் தொடங்கிவிட்டதென்றால், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். ஹேர் டிரையர் காட்டாதீர்கள். சூட்டில் உள்ளிருக்கும் மெல்லிய தகடு கெடும். நிகழ்ச்சி அன்றே நடக்க வேண்டுமென்றால் காந்தமும் கம்பிச்சுருளும் வைத்த டைனமிக் மைக் போடுங்கள். நுட்பம் சற்றுக் குறையும், ஆனால் ஈரத்தைத் தாங்கும். ரேடியோ அதிர்வெண் முறையில் இயங்கும் கன்டென்சர் மைக்குகளும் தாங்கும், விலைதான் தாங்காது.

கான்டாக்ட் மைக் தகரம் போல ஒலிக்கிறது

பொருளின் மேல் நேரே ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் மைக் இது. தண்டைத் தட்டினால் அடியில் 'தும்' என்று வர வேண்டியது 'டிக்' என்று மட்டும் வருகிறது. பலர் இங்கே மைக்கை மாற்றுகிறார்கள், பசையை மாற்றுகிறார்கள், கடைசியில் செடியையே மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது அதைச் சொருகிய துளையை.

இந்த மைக்கின் உள்ளே இருப்பது அதிர்வை மின்னாக மாற்றும் பீசோ தகடு. பரவலாகக் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் தகடு, சுமார் 20 நானோஃபாரட் மின்தேக்கி போல நடந்துகொள்ளும். அதை 10 கிலோஓம் லைன் உள்ளீட்டில் சொருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். 2 கிலோஓம் மைக் உள்ளீட்டில் சொருகினாலோ அந்த எல்லை 4,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதாவது மரத்தின் உடம்பு முழுவதும் போய்த் தோல் மட்டும் மிஞ்சும். 1 மெகாஓம் உள்ளீட்டில் எல்லை 8 ஹெர்ட்ஸ். காதுக்கு எட்டும் எதுவும் அங்கே வெட்டுப்படாது. எனவே கிட்டாருக்கான உள்ளீட்டிலோ ஆக்டிவ் டிஐ பாக்ஸிலோ (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கும் இணைப்புப் பெட்டி) சொருகுங்கள். தகட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய பஃபர் ப்ரீஆம்ப் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. அங்கிருந்து மிக்சர் வரை எத்தனை மீட்டர் கேபிள் போனாலும் கவலையில்லை.

முதல் நாள் நன்றாக ஒலித்து இரண்டாம் நாள் தகரமாகிவிட்டதென்றால் அது வேறு கதை. தகட்டின் இரு முகங்களுக்கும் நடுவே ஈரம் பாலம் போட்டிருக்கிறது. ரப்பர் பூச்சோ சிலிகானோ தடவி மூட வேண்டும். சிலிகான் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை அடித்தால் வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்புக் கம்பியை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

இலையில் ஒட்டினால் எதுவுமே கேட்கவில்லை

தகடு இலையைவிடக் கனமாக இருக்கிறது. அதிர வேண்டியதன் மேல் கல்லை வைத்துவிட்டு அதிரவில்லை என்கிறோம். மெல்லிய இலையை விட்டுவிட்டுக் காம்பு தண்டோடு சேரும் கணுவுக்கோ, பனை, மூங்கில் போன்றவற்றின் கெட்டியான தண்டுக்கோ, தொட்டியின் விளிம்புக்கோ போங்கள். சொட்டுநீர் விழும் தொட்டியின் விளிம்பில் கிடைக்கும் ஒலி பல நேரம் இலையைவிட அழகானது. இலைதான் வேண்டுமென்றால் தொடாமல் கேளுங்கள்: சட்டையில் குத்தும் சிறு மைக்கை இலைக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினால் போதும்.

'ம்ம்ம்' என்று அடியில் ஒரு முனகல்

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். பழைய சோடியம் வளர்ப்பு விளக்கின் சோக் மின்சார அதிர்வெண்ணின் இருமடங்கில், அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸில், காற்றிலேயே முனகும். அது மைக்கின் பிழை அல்ல, காதை விளக்கருகே கொண்டுபோனாலே கேட்கும். எல்இடி விளக்கை மங்கவைக்கும் டிம்மரின் இரைச்சல் கம்பி வழியாக வரும். அது முனகாது, சிணுங்கும். விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

எல்லா விளக்கும் அணைந்தும் முனகல் நிற்கவில்லையா? பீசோ தகட்டை விரலால் தொடுங்கள். தொட்டதும் கூடினாலோ குறைந்தாலோ தகடு ஆன்டெனாவாக வேலை செய்கிறது. தகட்டைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றி, கேபிளின் வெளிவலையோடு இணையுங்கள். உள்முனையோடு தாள் பட்டுவிடாமல் நடுவில் இன்சுலேஷன் டேப் வேண்டும். தொட்டும் மாறவில்லை என்றால் எர்த் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைந்து உண்டாகும் வளையம். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள், பத்தில் எட்டு முறை அதுவே. ஒலிக் கேபிளின் நடுவில் மின்மாற்றி வைத்த ஐசோலேட்டர் போடுங்கள். எர்த் பின்னை வெட்டுவது இந்த ஈரத்தில் கொலைக்குச் சமம்.

மதியம் ஒலிச்சோதனையில் சரியாக இருந்தது, இரவில் ஊளையிடுகிறது

குடிலுக்கே உரிய கோளாறு இது. அரங்கத்தில் பழகியவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் வினாடிக்கு 0.6 மீட்டர் அளவில் கூடும். வெயில் ஏறிய குடிலில் 33 டிகிரி இருக்கும்போது வேகம் 351 மீட்டர். இரவில் 18 டிகிரிக்கு இறங்கியதும் 342. அறையின் அதிர்வெண்கள் எல்லாம் இந்த விகிதத்தில் இடம் மாறும். மதியம் 1,000 ஹெர்ட்ஸில் கூவிய ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பிப் போய் எழும் ஊளை, இரவில் 974-க்குப் பக்கத்தில் கூவும். நீங்களோ அதை அடக்க மதியம் மிக்சரில் 1,000-இல் 30 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு குறுகிய வெட்டுப் போட்டுவைத்திருப்பீர்கள். அந்த வெட்டு இப்போது காலி இடத்தில் நிற்கிறது.

இதோடு நீரும் சேர்ந்துகொள்ளும். பொலபொலவென்றிருக்கும் தொட்டி மண் நல்ல ஒலி உறிஞ்சி. சோதனைக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றிவிட்டால் மண்ணின் துளைகள் நீரால் அடைபட்டு, உறிஞ்சிய ஒலியைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். ஒரு நிகழ்ச்சியில் இந்தக் காரணம் தெரியாமல் ஒரு மணிநேரம் ஸ்பீக்கர்களை நகர்த்திக்கொண்டிருந்தோம். நீர் வடிந்த பிறகே பழைய குடில் திரும்பி வந்தது.

செய்ய வேண்டியவை: ஒலிச்சோதனையை நிகழ்ச்சி நேரத்துக்கு நெருக்கமாக, அதே வெப்பநிலையில் வையுங்கள். தண்ணீர் ஊற்றும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டைக் குறுக்காமல் சற்று அகலமாகவும் ஆழம் குறைவாகவும் போடுங்கள். ஸ்பீக்கரைக் கண்ணாடிக்கு நேரே பார்க்க வைக்காமல் அகன்ற இலைகள் அடர்ந்த பக்கம் திருப்புங்கள். இலைக்கூட்டம் உயர்ந்த அதிர்வெண்களைச் சிதறடிக்கும். தாழ்ந்த ஒலிக்கு இலை ஒரு பொருட்டே அல்ல, அது ஊடுருவிப் போய்விடும்.

ஊளையையே இசையாக்க வந்திருக்கிறீர்கள் என்றால், வெட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டுச் சூரியன் மறையும் நேரத்தில் வாசியுங்கள். குடில் குளிரக் குளிர அந்த ஒற்றைக் கூவல் மெல்ல இறங்கிவருவதைக் கேட்கலாம். இவ்வளவு பொறுமையான சறுக்கலை எந்த சின்தசைசரிலும் நான் கேட்டதில்லை.

சுருதி சேர மாட்டேன் என்கிறது

அதே சூடுதான். காற்றில் ஒலியின் வேகம் கூடுவதால் துளைக்கருவியின் சுருதி சூட்டில் ஏறும். டிகிரிக்கு மூன்று சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைச்சுரம்) என்பது தோராயக் கணக்கு. வாசிப்பவரின் மூச்சுச் சூடு கலப்பதால் அது அப்படியே பொருந்தாது. உலோகத் தந்தி சூட்டில் நீண்டு இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. தோற்கருவி ஈரத்தில் தளர்ந்துவிடும், அதைச் சுருதிக்குக் கொண்டுவருவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். நிலையான சுருதி தேவைப்படும் படைப்பைக் குடிலுக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

தாழ்ந்த ஒலி காணாமல் போகிறது, கண்ணாடி கிடுகிடுக்கிறது

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி 125 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறக்குறைய 35 விழுக்காட்டைத் தன் அதிர்வாலேயே விழுங்கும். 4,000 ஹெர்ட்ஸில் விழுங்குவது 4 விழுக்காடு மட்டுமே. அதனால் அடி ஒலி கண்ணாடியில் கரைகிறது, கூர்மையான ஒலி கண்ணாடிக்குக் கண்ணாடி தெறித்துக் காதைக் கீறுகிறது. அடி ஒலி போதவில்லை என்று வால்யூமை ஏற்றினால் கண்ணாடிதான் இன்னும் ஆடும்.

கிடுகிடுப்பைப் பிடிக்க 40-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு தூய தொனியை மிக மெதுவாக ஏற்றுங்கள். ஒருவர் ஏற்ற, இன்னொருவர் சட்டங்களைக் கையால் தொட்டபடி நடக்கட்டும். அதிரும் சட்டத்தில் ரப்பர் பட்டையோ கம்பளித் துண்டோ செருகினால் அடங்கும். விரிசல் விட்ட கண்ணாடி இருந்தால் அதன் கீழே யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

கண்ணாடியிலேயே அதிர்வூட்டி ஒட்டி அதை ஸ்பீக்கராக்குவது தனி வழி. பொருள்களின் சொந்த அதிர்வை ஒலியாக்கும் இந்த முறையை அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் 1968-இலேயே தொடங்கிவைத்தார். ஒலி சன்னமாக இருந்தால் ஒட்டிய இடம் தவறு. சட்டத்தின் ஓரத்தில் ஒட்டினால் கண்ணாடி அசையாது, நட்ட நடுவில் ஒட்டினால் சில தொனிகள் அறவே வராது. நடுவிலிருந்து சற்று விலகி ஒட்டிப் பாருங்கள்.

செடியிலிருந்து சுரங்கள் நிற்காமல் கொட்டுகின்றன

மின்முனை ஒட்டிச் செடியின் மின் மாற்றங்களைச் சுரமாக்கும் பெட்டிகளைப் பற்றி நிறையக் கேள்விகள் வருகின்றன. முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பல, 555 டைமர் போன்ற எளிய சுற்றில் செடியை ஒரு மின்தடையாக இணைத்து, அதன் கடத்துதிறன் கணத்துக்குக் கணம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கின்றன. மாற்றம் ஒரு எல்லையைத் தாண்டினால் ஒரு சுரம். அது எந்தச் சுரம், எந்தச் சுரவரிசையில், எந்த வாத்தியத்தின் குரலில் என்பதெல்லாம் மனிதர் தீர்மானித்தவை.

நிற்காமல் கொட்டினால் பெட்டி செடியைக் கேட்கவில்லை, இரைச்சலைக் கேட்கிறது. மூன்று சோதனைகள் செய்யுங்கள். மின்முனைகளுக்கு நடுவே செடிக்குப் பதிலாக 100 கிலோஓம் மின்தடை ஒன்றை மாட்டுங்கள். அப்போதும் சுரம் வந்தால் மின் இரைச்சல். மேலே சொன்ன விளக்கு, சார்ஜர் பக்கம் திரும்புங்கள். மின்தடையில் அமைதி என்றால் அடுத்து ஈரமான ஸ்பாஞ்சில் ஒட்டுங்கள். ஸ்பாஞ்சும் செடியைப் போலவே பாடினால், நீங்கள் கேட்டது ஒட்டுமுனை காய்வதும் நழுவுவதுமே. மூன்றாவதாக, செடியில் ஒட்டிவிட்டு எல்லாரும் மூன்று மீட்டர் பின்வாங்குங்கள், விசிறியை நிறுத்துங்கள். சுரம் அடங்கினால் இலையின் ஆட்டமும் உங்கள் உடம்பின் அருகாமையும்தான் இதுவரை வாசித்திருக்கின்றன.

இது ஏமாற்றம் அல்ல. ஆள் நெருங்கினால் குரல் மாறும் கருவி அருமையான கருவி. அதைப் பார்வையாளருக்கு உள்ளபடி சொல்லிவிட்டு வாசியுங்கள். 'செடி தன் மனதைப் பாடுகிறது' என்று அறிவிப்பதை மட்டும் செய்யாதீர்கள். செடி உண்மையிலேயே செய்வது அதைவிட வியப்பானது, அதைப் பொய்யால் மூட வேண்டியதில்லை.

ஒரு சுரமும் வராமல் போனால் பெரும்பாலும் இலையின் மெழுகுத்தோலும் காய்ந்த ஜெல்லும் காரணம். ஈரத்துணியால் இலையை மென்மையாகத் துடைத்துப் புதிய ஜெல் ஒட்டு போடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், இலையைக் கருக்கும்.

உண்மையான மின்துடிப்புதான் வேண்டும் என்பவர்கள் அதற்குரிய செடியிடம் போக வேண்டும். பூச்சிபிடிக்கும் வீனஸ் செடியில் ஆங்கிலேய உடலியலாளர் பர்டன்-சாண்டர்சன் 1873-இலேயே மின்துடிப்பை அளந்துகாட்டினார். சாதாரணச் செடிகளும் தூண்டினால் மின்னால் பதில் தருகின்றன என்று ஜெகதீஷ் சந்திர போஸ் 1900-களின் தொடக்கத்தில் காட்டினார். தொட்டாற்சுருங்கியும் இதற்கு ஏற்றது. துடிப்பு காதால் நேரே கேட்க முடியாத அளவுக்கு மெதுவானது. எனவே அதை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் வேறொரு ஒலியின் உயரத்தையோ தொனியையோ நகர்த்தப் பயன்படுத்துங்கள். வீனஸ் செடியின் உட்புறத்திலுள்ள மெல்லிய மயிர்களில் ஒன்றை முதல்முறை தொட்டால் துடிப்பு வரும், பொறி மூடாது. சுமார் 20 வினாடிக்குள் இரண்டாம் முறை தொட்டால் மூடும். அந்த இடைவெளியில் ஒரு முழு இசைத்துண்டுக்கான பதற்றம் இருக்கிறது. ஆனால் இரையில்லாமல் மூடுவது அந்தச் செடிக்கு வீண் செலவு, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பொறி போதும்.

மணிக்கணக்கில் பதிவு செய்தும் செடியின் சொடுக்கொலி கிடைக்கவில்லை

2023-இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரின்றி வாடும் தக்காளி, புகையிலைச் செடிகள் சொடுக்குப் போடுவது போன்ற ஒலி எழுப்புவதாக வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டு மைக்கோடு வருபவர்கள் அதிகம். இரண்டு காரணங்களால் கிடைக்காமல் போகும். ஒன்று, அவை 40-80 கிலோஹெர்ட்ஸில் இருக்கின்றன. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு 22-க்கு மேல் எதையும் பிடிக்காது. 192-இல் பதிவுசெய்ய வேண்டும், வௌவால் ஒலிக்கான மைக் வேண்டும், பிறகு வேகத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும். இரண்டாவது காரணம் முக்கியமானது: வாடிய செடி மணிக்கு 30-50 முறை சொடுக்கினால், நன்றாக நீர் குடித்த செடி ஒருமுறைகூடச் சொடுக்குவது அரிது. பராமரிக்கப்படும் குடிலில் நிசப்தம்தான் சரியான விடை. ஒலிக்காகச் செடியை வாடவிடுவதை நான் ஏற்பதில்லை.

நிகழ்ச்சி நடுவில் ஏதோ தானாக இயங்குகிறது

விசிறியும் பனித்தூவியும் டைமரிலோ வெப்பநிலை ஸ்விட்சிலோ ஓடுகின்றன. கூரை ஜன்னல்கள் சிலவற்றில் மின்சாரமே இல்லை, மெழுகு நிரப்பிய உருளை சூட்டில் விரிந்து தள்ளித் திறக்கும். அதை அணைக்க ஸ்விட்ச் தேடாதீர்கள். தோட்டக்காரரிடம் எத்தனை நிமிடம் விசிறி இல்லாமல் இருக்கலாம் என்று கேட்டு, அந்த நிமிடங்களுக்குள் உங்கள் மிக மெல்லிய பகுதியை வாசித்துவிடுங்கள். வெயில் நேரத்தில் அந்த அவகாசம் மிகக் குறைவு.

மறுநாள் செடி வாடியிருக்கிறது

சத்தத்தைக் குறை சொல்லும் முன் மற்றவற்றைப் பாருங்கள். மேடை விளக்கு இலைக்கு எவ்வளவு பக்கத்தில் எரிந்தது? கேபிள் டை தண்டை இறுக்கியிருக்கிறதா? பார்வையாளர்கள் நின்ற இடத்தில் மண் மிதிபட்டு இறுகியிருக்கிறதா? அதிர்வூட்டி நெடுநேரம் ஓடினால் சூடேறும், அது தண்டோடு ஒட்டியிருந்ததா? ஜெல் ஒட்டுகளை அன்றிரவே ஈரத்துணி வைத்து ஊறவைத்து எடுத்திருக்க வேண்டும். காய்ந்தபின் உரித்தால் இலைத்தோல் கூடவே வரும்.

முள்கள்ளிக்குத் தனிக் கவனம் வேண்டும். 1975-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் செடிப்பொருள்களை மட்டுமே கருவியாகக் கொண்டு ஒரு படைப்பை எழுதிய பிறகு, முள்ளை மீட்டி ஒலிபெருக்குவது பரவலாகிவிட்டது. ஒடிந்த முள் பெரும்பாலும் அதே இடத்தில் மீண்டும் முளைக்காது. நகத்தால் நெம்பாமல், மெல்லிய தூரிகை மயிராலோ பறவை இறகாலோ நுனியை வருடுங்கள். கான்டாக்ட் மைக் அடியில் உறுதியாகப் பிடித்திருந்தால் ஒலி போதுமான அளவு வரும். உதிர்ந்த நெற்று, காய்ந்த மட்டை, சருகு ஆகியவற்றைத் தோட்டக்காரரே கொடுப்பார். கிளம்பும்போது எந்தெந்தச் செடியில் என்ன மாட்டியிருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் எதை உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.